பள்ளி நெட்டில் வீடியோ தளம் திறக்கவில்லையா? அவசரத்தில் செய்யும் தவறுகள்

புராஜெக்ட்டுக்கு ஒரே ஒரு வீடியோ பார்க்க வேண்டும், லிங்கைத் தட்டினால் தடை என்று ஒரு பக்கம் வந்து நிற்கும். எரிச்சல் வரத்தான் செய்யும். அந்த எரிச்சலில் அடுத்த இரண்டு நிமிடத்தில் செய்கிற காரியம்தான் வினையாகிவிடுகிறது.

அதில் ரொம்ப மோசமானது, தேடியதும் முதலில் கண்ணில் படும் இலவச பிராக்ஸி தளத்தில் போய் லிங்கை ஒட்டுவது. உங்களுக்குப் பதிலாக முகம் தெரியாத ஒருவரின் கணினி அந்தப் பக்கத்தை எடுத்து வந்து காட்டுகிறது, அவ்வளவுதான் பிராக்ஸி. சரி, அதற்குள் இருந்தபடியே கூகுள் கணக்கில் லாகின் செய்தால்? பாஸ்வேர்டு முதலில் போவது அந்தக் கணினிக்குத்தான். முகவரிப் பட்டையைப் பாருங்கள், யூடியூப் பெயர் இருக்காது, பிராக்ஸி தளத்தின் பெயர்தான் இருக்கும். HTTPS (போகும் வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் முறை) இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம், அது உங்களுக்கும் பிராக்ஸிக்கும் இடையில் உள்ள பாதைக்கு மட்டும் காவல்.

உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொருவரின் கணினி வழியாகத் திருப்பிவிடும் செயலிதான் விபிஎன்; இலவச விபிஎன்னும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஹோலா என்ற இலவச விபிஎன், தன்னைப் பயன்படுத்தியவர்களின் இணைய இணைப்பையே மற்றவர்களுக்கு விற்றுவந்தது 2015இல் அம்பலமானது. பணம் கேட்காத கடைக்காரர் எதை விற்கிறார் என்று ஒரு தடவை யோசித்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள்.

இன்காக்னிட்டோவில் திறந்தால் யாருக்கும் தெரியாது என்பது இன்னொரு நம்பிக்கை. அது உங்கள் பிரவுசரில் ஹிஸ்டரி சேராமல் பார்த்துக்கொள்ளும், நெட்வொர்க்கை ஒன்றும் செய்யாது. பொதுவாக HTTPS தளத்தில் நீங்கள் எந்த வீடியோ பார்க்கிறீர்கள் என்பது நெட்வொர்க் பார்ப்பவருக்குத் தெரியாது, தளத்தின் பெயர் தெரியும். ஆனால் பள்ளி கொடுத்த லேப்டாப்பில் பள்ளியின் சான்றிதழ் (HTTPS பூட்டைப் பள்ளி திறந்து பார்க்க வழிசெய்யும் ஒரு டிஜிட்டல் கோப்பு) போடப்பட்டிருந்தால் முழு முகவரியும் தெரிய வாய்ப்பு உண்டு. ஃபில்டர் அந்த லேப்டாப்பிலேயே இருந்தால் மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினாலும் தடை கூடவே வரும்.

அப்புறம், தடையே இல்லாததைத் தடை என்று நினைப்பது. யூடியூப் திறக்கிறது, ஆனால் சில வீடியோக்கள் மட்டும் காணோம், கமெண்ட் ஒன்றுகூட இல்லை என்றால் அது 'ரெஸ்ட்ரிக்டட் மோட்', அதாவது சில வீடியோக்களையும் கமெண்டுகளையும் மறைக்கும் யூடியூபின் சொந்த அமைப்பு. பிரவுசரை அழித்துவிட்டு மறுபடி போட்டால் சரியாகாது. பள்ளி அதை டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் எண் முகவரியைத் தேடித் தரும் நெட்வொர்க் ஏற்பாடு) வழியாகவோ, உங்கள் பள்ளிக் கணக்கு வழியாகவோ போட்டிருக்கும். எந்த வழி என்று காட்ட யூடியூபிலேயே ஒரு சோதனைப் பக்கம் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டால் யாரிடம் பேச வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

கேட்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. "யூடியூபைத் திறந்துவிடுங்க சார்" என்றால் எந்த ஐடி ஆளும் தலையாட்ட மாட்டார், முப்பது பேர் ஒரே நேரத்தில் வீடியோ ஓட்டினால் வேகம் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். வீடியோவின் முழு லிங்க், எந்தப் பாடம், எத்தனை நிமிடம், என்றைக்கு வேண்டும், இந்த நான்கையும் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். கூகுள் பள்ளிக் கணக்கு என்றால் நிர்வாகி அனுமதி கொடுத்திருக்கும் ஆசிரியரே அந்த ஒரு வீடியோவை மட்டும் அனுமதிக்க முடியும், ஐடி அறை வரை போகவே வேண்டியதில்லை.