புதிய சங்க நிர்வாகிகளே, இவற்றையாவது தவிருங்கள்

பொதுக்குழு முடிந்த கையோடு, அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்குப் புதிதாகத் தேர்வான செயலாளர்கள் சிலர் யோசனை கேட்டு வருகிறார்கள். "பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றாமலே நடத்திக் காட்டுவோம்" என்பதுதான் அவர்களின் முதல் வாக்கியம். நான் செயலாளராக இருந்த காலத்தில் எங்கள் குழுவும் இதே பெருமையைத்தான் பேசியது. ரசீது கொடுப்பதையும் கணக்கைத் தணிக்கை செய்வதையும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இனி வரும் ஆண்டுகளில் சங்கங்களைத் திணறடிக்கப்போகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

சேமநிதி சேர்க்காமல் இருப்பது

பெரிய பழுதுகளுக்காக முன்கூட்டியே ஒதுக்கி வைக்கும் பணம்தான் சேமநிதி. அதைச் சேர்க்காத சங்கத்தைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. இருபது ஆண்டு உழைக்கும் லிஃப்டில் இருபதில் ஒரு பங்கு முதல் ஆண்டிலேயே தேய்ந்துவிடுகிறது. அதை அப்போது குடியிருப்பவரிடம் வசூலிக்காவிட்டால், அவர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விடுவார். பின்னால் வாங்கியவர் தலையில் முழுச் செலவும் விழும். கூட்டத்தில் இதைச் சொன்னால், "லிஃப்ட் நன்றாகத்தானே ஓடுகிறது?" என்று ஒருவர் எழுந்து கேட்பார். கைதட்டலும் அவருக்குத்தான்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், சர்ஃப்சைடில் 1981இல் கட்டப்பட்டது சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடிக் குடியிருப்பு. நீச்சல் குளத் தளத்தை ஒட்டிக் கான்கிரீட் பெரிதும் சிதைந்திருப்பதைப் பொறியாளர் 2018இல் எழுதிக் கொடுத்தார். சங்கத்தில் சண்டை மூண்டது, நிர்வாகிகள் விலகினார்கள், வேலை தள்ளிப்போனது. 1.5 கோடி டாலர் சிறப்பு வசூலுக்கு 2021 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. பணம் கட்டத் தொடங்க ஜூலை 1 கெடு. ஜூன் 24 அதிகாலையில் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து 98 பேர் மாண்டார்கள். வடிவமைப்பிலும் குறை இருந்ததாக விசாரணை சொல்கிறது, சரி. ஆனால் பணம் கையில் இருந்திருந்தால், பழுதுபார்ப்பதைப் பற்றி அத்தனை காலம் வாதாடிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

அடுத்த ஆண்டே ஃபுளோரிடா சட்டம் இயற்றியது. மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள கூட்டுரிமைக் குடியிருப்புகளுக்கு, 30 ஆண்டு நிறையும்போது பொறியாளர் ஆய்வு கட்டாயம். கட்டடத்தின் முக்கியப் பாகங்களுக்கான சேமநிதியை வாக்கெடுப்பால் தள்ளுபடி செய்யும் வழக்கத்துக்கும் பூட்டுப் போட்டார்கள்.

கணக்குப் போடும்போது இன்றைய விலையை எழுதாதீர்கள். ஆண்டுக்கு 6 சதவீதம் விலை ஏறினால், 12 ஆண்டில் செலவு இரட்டிப்பாகும்.

முந்தி வந்தவருக்கு மட்டும் சார்ஜர்

மின்கார் வாங்கிய முதல் இருவருக்குத் தனித்தனியாக கேபிள் இழுக்க அனுமதித்துவிடுகிறார்கள். வீட்டுச் சார்ஜர் ஒன்று 7.4 கிலோவாட் வரை இழுக்கும். பத்துப் பேர் இரவில் ஒன்றாகச் செருகினால் 74 கிலோவாட். மூன்றாமவர் கேட்கும்போது மின்பலகை தாங்காது, சண்டை தொடங்கும். முதல் விண்ணப்பம் வந்தவுடனேயே மொத்தச் சுமையையும் கணக்கிட்டு, சுமையைப் பகிர்ந்தளிக்கும் கருவியோடு பொது ஏற்பாடு செய்யுங்கள்.

வாட்ஸ்அப் வாக்கெடுப்பு

கட்டைவிரல் படம் தீர்மானம் ஆகாது. மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றுங்கள்.

நிர்வாகச் செயலியிடம் (ஆப்) எல்லாவற்றையும் ஒப்படைப்பது

ஒப்பந்தம் முடிந்தால் தரவு யார் கையில் இருக்கும் என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

நாள் வாடகை விருந்தினர்

வீட்டை நாள் வாடகைக்கு விடுவதைச் சங்கத்தின் துணைவிதி தடுக்காதபோது, ஓர் உரிமையாளரை மட்டும் மிரட்டிப் பயனில்லை. அவர் வக்கீலோடு வருவார். முதலில் விதியைத் திருத்துங்கள், பிறகு நோட்டீஸ் அனுப்பலாம்.