எழுதி வைத்த வரி, அந்த நொடி வரி: பேட்டில் ராப்பில் சொதப்பும் இடங்கள்

இரண்டு ராப்பர்கள் மேடையில் மாறி மாறி வரிகளால் ஒருவரையொருவர் மட்டம் தட்டும் போட்டிதான் பேட்டில் ராப். அதில் இறங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வரலாமா, இல்லை மேடையிலேயே கட்ட வேண்டுமா? எந்த மேடை என்று பார்க்காமல் இதற்குப் பதில் தேடுவதுதான் முதல் தவறு.

நியூயார்க்கின் யூஆர்எல், டொராண்டோவின் கிங் ஆஃப் தி டாட் மாதிரியான பேட்டில் லீக்குகளில் பெரும்பாலும் பீட், அதாவது பின்னணித் தாளம், கிடையாது. எதிராளி யார் என்பது முன்கூட்டியே தெரியும். வழக்கமாக ஆளுக்கு மூன்று ரவுண்டு. அங்கே வருகிறவர்கள் எதிராளியைப் பற்றித் துருவித் துருவித் தேடி, உட்கார்ந்து எழுதியவர்கள். கூட்டம் எதிர்பார்ப்பதும் அதைத்தான். ‘மேடையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று போனால் முதல் ரவுண்டிலேயே வித்தியாசம் பல்லிளித்துவிடும். ரெட் புல் 2005 முதல் நடத்தி வரும் ஸ்பானிஷ் மொழிப் போட்டி நேர் எதிர். பீட் ஓடிக்கொண்டிருக்கும், அங்கேயே தரப்படும் சொல்லையோ தலைப்பையோ வைத்துக் கட்ட வேண்டும். வீட்டில் எழுதிய வரி என்று சந்தேகம் வந்தாலே மதிப்பு இறங்கிவிடும். ஆகவே பெயர் கொடுப்பதற்கு முன் விதிகளைப் படியுங்கள்.

அடுத்தது, எழுதியதை அப்போதுதான் தோன்றியது போல நடிப்பது. ‘ம்ம்... என்ன சொல்லலாம்...’ என்று மேலே பார்த்து யோசிப்பது போல ஒரு பாவனை, பின்னாலேயே நான்கு அடுக்கு இயைபோடு (வரிக் கடைசியில் ஒலி ஒத்து வருவது) ஒரு வரி. யாரும் ஏமாற மாட்டார்கள். எழுதிய வரியை எழுதிய வரியாகவே, நிமிர்ந்து நின்று சொல்லலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நான் பார்த்தவரை பேட்டில்கள் அதிகம் கைநழுவுவது எழுதிய வரியும் அந்த நொடி வரியும் சேரும் மூட்டில்தான். எதிராளி தன் ரவுண்டை, ‘உன் பாட்டைக் கேட்டா தூக்கம்தான் வருது’ என்று முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் முறை வந்ததும், ‘தூக்கம் வருதா? நல்லது. கண்ணை மூடிக்கிட்டே தோத்துடு, வலிக்காது’ என்கிறீர்கள். கூட்டம் கத்துகிறது. இதுதான் ரிபட்டல். எழுதி வந்த பத்து வரிக்குக் கிடைக்காத ஆரவாரம் இந்த ஒரு வரிக்குக் கிடைக்கும், ஏனென்றால் இது அங்கேயே பிறந்தது என்பதற்குக் கூட்டமே சாட்சி. அந்த போதையில் இரண்டாவது ரிபட்டல், மூன்றாவது ரிபட்டல் என்று இழுத்துக்கொண்டே போவார்கள். மூன்றாவது சப்பென்று விழும். அப்புறம் எழுதி வந்த ரவுண்டுக்குத் திரும்ப வேண்டும். முதல் வரி நினைவில் இருக்காது.

ஒரு ரிபட்டல், மிஞ்சிப்போனால் இரண்டு. அது முடிந்ததும் ஒரு மூச்சு விடுங்கள். கூட்டம் அடங்கும்வரை காத்திருப்பது நேர விரயம் இல்லை. எழுதிய ரவுண்டின் முதல் வரியை மட்டும் மிக எளிமையாக, எங்கிருந்து வந்தாலும் ஒட்டிக்கொள்ளும்படி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பயிற்சி செய்யும்போது வேறு எதையாவது உளறிவிட்டு அந்த வரிக்குத் திரும்பிப் பழகுங்கள். எப்போதும் முதலிலிருந்தே சொல்லிப் பார்ப்பவர்கள்தான் நடுவில் அறுந்தால் தவிக்கிறார்கள். மனப்பாடம் கைவிட்டால் தாளை எடுத்துப் படிக்கலாமே என்று தோன்றும். 2012-இல் டிசாஸ்டர் என்ற பேட்டில் ராப்பருக்கு எதிரான பேட்டிலில் கானிபஸ் என்ற ராப்பர் நோட்டை எடுத்துப் படித்தார். கானிபஸ் ராப்பில் பெரிய பெயர் எடுத்தவர். ஆனாலும் அந்த பேட்டில் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அந்த நோட்டுதான்.

எதிராளியைப் பற்றி மட்டுமே எழுதுவதும் அரைகுறைத் தயாரிப்புதான். அவர் உங்களைப் பற்றி என்னவெல்லாம் சொல்வார்? உயரம், குரல், போன முறை தோற்றது, பழைய குழுவோடு சண்டை. பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் யோசித்து வையுங்கள். அவர் சொன்னால் எடுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். சொல்லாததற்குப் பதில் சொல்வது போல அசிங்கம் வேறில்லை! இதையே இன்னொரு பக்கமாகத் திருப்பினால், 2002-இல் வந்த ‘8 மைல்’ படத்தின் கடைசி பேட்டில்: நாயகன் தன் அவமானங்களையெல்லாம் தானே முதலில் சொல்லிவிடுகிறான், எதிராளிக்கு வாயைத் திறக்க வழியில்லாமல் போகிறது. முதலில் பேசும் வாய்ப்பு கிடைத்தால் மட்டுமே இது எடுபடும்.

அந்த நொடியில் தமிழில் கட்டுபவர்களுக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது: வினைமுற்று. ‘வந்தேன், நின்னேன், அடிச்சேன், ஜெயிச்சேன்’ என்று இயைபு தானாகக் கொட்டும். மூன்றாவது ‘-ஏன்’ வரும்போது கேட்பவர் காது மூடிக்கொள்ளும். பேச்சுத் தமிழில் வினையை முன்னால் தள்ளிவிட முடியும், அந்த வசதியைப் பயன்படுத்துங்கள். முடிக்க வேண்டிய சொல்லை முதலில் பிடித்துக்கொண்டு, முந்தைய வரியை அதை நோக்கி நடத்துங்கள். எதிராளி கூலிங் கிளாஸோடு வந்திருக்கிறார்; உங்கள் மனத்தில் முதலில் ‘முன்னாடி’ என்ற சொல் வந்து உட்கார வேண்டும். அப்புறம்:

கழட்டிட்டுப் பேசு அந்தக் கண்ணாடி,
திருட்டு முழி தெரியட்டும் எல்லார் முன்னாடி.

குத்து இரண்டாவது வரியில் இருக்கிறது, முதல் வரி அதற்கு வழிவிட மட்டுமே. புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: நல்ல வரியை முதலில் சொல்லிவிட்டு, இயைபுக்காக எதையோ ஒட்டுவார்கள்.

கட்டும்போதே திருத்தப் பார்ப்பதும் ஆகாது. ராப்பர்களை, மூளையின் செயல்பாட்டைப் படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனரில் படுக்கவைத்து 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மனப்பாட வரிகளைச் சொல்லும்போதைவிட அந்த நொடியில் கட்டும்போது, தன்னைத் தானே கண்காணித்துக் கட்டுப்படுத்தும் வேலையோடு தொடர்புடைய முன்மூளையின் ஒரு பகுதி அடங்கியிருந்தது. ‘இந்த வரி சரியா’ என்று நடுவில் நின்று கேட்டால் அடுத்த வரி வராது. தடுமாறினால் தடுமாற்றத்தையே வரியாக்குங்கள், பீட்டை மட்டும் விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. போன பேட்டிலில் கைதட்டல் வாங்கிய வரியைப் பெயர் மட்டும் மாற்றி மறுபடி இறக்காதீர்கள். வீடியோ இணையத்தில் இருக்கிறது. எதிராளியும் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். நீங்கள் பாதி சொல்லும்போதே அவர் மீதியைச் சேர்ந்து சொல்லிவிட்டால் அந்த ரவுண்டு அவருடையது.