மஸ்டாங் விமான மாதிரியைக் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறையே இல்லாத பிளாஸ்டிக் விமானக் கிட் என்று ஒன்று அநேகமாகக் கிடையாது. அச்சின் விளிம்பில் கசிந்த பிசிறு, தடித்த பாகங்களில் விழுந்த குழி, அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளிய ஊசிகளின் வட்டத் தடம், முறுக்கிக்கொண்ட இறக்கை, வடிவத்தில் அளவுப் பிழை என ஏதேனும் ஒன்று பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படும். இவற்றைக் காலம் கடந்து கவனிப்பதும், எல்லாவற்றுக்கும் புட்டியையே தீர்வாக நினைப்பதும் கிட்டில் வந்த குறைகளைவிட அதிகமான மாதிரிகளைக் கெடுத்திருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா பயன்படுத்திய பி-51டி மஸ்டாங்கை எடுத்துக்கொண்டு இதை விளக்குவது எளிது. பல அளவுகளில் பல நிறுவனங்கள் கிட் வெளியிட்டுள்ள விமானம் அது. அதன் வண்ணம் பூசாத அலுமினிய உடலில் ஒரு சிறு கீறல்கூட மறையாது.

எந்த விமானத்தைக் கட்டுகிறோம் என்று முடிவு செய்வதற்கு முன்பே ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) பாகங்களை வெட்டத் தொடங்குவதுதான் முதல் தவறு. தொடக்கத்தில் வந்த பி-51டி விமானங்களில், செங்குத்து வாலுக்கு முன்னால் முதுகிலிருந்து சரிந்தேறும் அந்தச் சிறு முக்கோணத் தகடு கிடையாது. அது பின்னர் சேர்க்கப்பட்டது, ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த விமானங்கள் பலவற்றிலும் பொருத்தப்பட்டது. சில கிட்களில் இரண்டு வகை வாலும் கிடைக்கும். புரொப்பெல்லரும் ஒன்றுக்கு மேற்பட்ட வகையில் கிடைக்கும். வால் எண்ணைக் கொண்டு ஒரு குறிப்பிட்ட விமானத்தைத் தேர்ந்து, அதன் போர்க்காலப் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான் எந்தப் பாகம் தேவை, எது பெட்டியிலேயே இருக்கலாம் என்பது தெளிவாகும். இன்று பறக்கும் சீரமைக்கப்பட்ட மஸ்டாங்குகளின் வண்ணப் படங்கள் எளிதாகக் கிடைக்கின்றன என்பதற்காக அவற்றை மட்டும் நம்பக் கூடாது. காரணத்தை இறக்கையைப் பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன்.

ஒட்டாமல் பொருத்திப் பார்ப்பதைத் தவிர்ப்பது அடுத்த தவறு. உடலின் இரு பாதிகளையும் காகித நாடாவால் கட்டி, இறக்கையை அதில் செருகி, எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். மஸ்டாங்கில் இறக்கை உடலைச் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி தெரிந்தால், பலரும் இறக்கையை ஒட்டிவிட்டுப் புட்டியால் நிரப்புகிறார்கள். அங்கிருக்கும் ரிவெட் தடங்களும் பேனல் கோடுகளும் (உலோகத் தகடுகள் சேரும் கோடுகள்) பிறகு உப்புத்தாளில் தேய்ந்து போகின்றன. உடல் சற்றே குறுகியிருப்பதால்தான் பெரும்பாலும் அந்த இடைவெளி உண்டாகிறது. ஸ்ப்ரூத் துண்டு ஒன்றைத் தேவையான நீளத்துக்கு வெட்டி, உடலுக்குள் குறுக்கே முட்டுக் கொடுத்து ஒட்டினால், பக்கங்கள் வெளியே தள்ளப்பட்டு இடைவெளி தானாகவே மூடிக்கொள்ளும். இதற்குப் புட்டி ஒரு துளிகூட வேண்டியதில்லை. இறக்கையின் பின்விளிம்பு தடித்திருப்பதும் இதே கட்டத்தில் கவனிக்க வேண்டிய குறைதான். 1/72 அளவில் அரை மில்லிமீட்டர் தடிப்பு என்றால் உண்மையான விமானத்தில் அது 36 மில்லிமீட்டர். இரு பாதிகளின் உட்புறத்தையும் ஒட்டுவதற்கு முன்பே தேய்த்து மெலிதாக்கிவிடலாம். ஒட்டிய பிறகு வெளியிலிருந்து தேய்த்தால் இறக்கையின் வளைவே மாறிவிடும்.

ஒட்டுப் பசையிலும் பொறுமையின்மை தண்டனை தரும். பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைக்கும் பசை பல நாள்கள் மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டே இருக்கும். மறுநாளே இணைப்பைத் தேய்த்துச் சமப்படுத்தி வண்ணம் பூசினால், சில வாரங்களில் முதுகின் நடுவே ஒரு மெல்லிய பள்ளம் மீண்டும் தலைகாட்டும். முதுகு இணைப்பைக் குறைந்தது ஒரு வாரமாவது ஆறவிடுவது நல்லது. சூப்பர் க்ளூவைக் கொண்டு நிரப்பினால் நேர்மாறாக, அன்றே தேய்த்துவிட வேண்டும். நாளாக ஆக அது சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, உப்புத்தாள் பசையை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக்கை மட்டுமே அரிக்கத் தொடங்கும்.

இனி இறக்கை. இன்றைய கிட்களின் இறக்கைகளில் பேனல் கோடுகளும் ரிவெட் வரிசைகளும் மிக நுட்பமாகச் செதுக்கப்பட்டிருக்கும்; பார்த்ததும் மனம் மகிழும். ஆனால் மஸ்டாங்கைப் பொறுத்தவரை, செதுக்கிய அழகே குறையாகிவிடும் இடம் இதுதான். காற்று இறக்கைமீது குழப்பமின்றி வழுக்கிச் செல்வதற்காக வடிவமைக்கப்பட்டது அந்த இறக்கை. அதனால் அதன் முன்பகுதியிலிருந்த ரிவெட்களையும் தகட்டு இணைப்புகளையும் தொழிற்சாலையிலேயே புட்டியால் நிரப்பி, தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் அலுமினிய நிறப் பெயிண்ட் பூசினார்கள். ஃபிளாப்புகளும் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் மடல்கள்) துப்பாக்கித் தோட்டாப் பெட்டிகளின் மூடிகளும் போன்றவைதான் இறக்கையில் தெளிவாகத் தெரிந்த கோடுகள். சீரமைக்கப்பட்ட விமானங்கள் பலவற்றில் இந்தப் புட்டி இல்லாமல் இறக்கையை வெற்று அலுமினியமாகவே மெருகேற்றி வைத்திருப்பதால், அவற்றின் படங்களை நம்பிக் கட்டுபவர் ரிவெட்களைக் காப்பாற்றுவதில் பெரும்பாடு படுகிறார். போர்க்கால விமானத்தைக் கட்டுபவர் முன்பகுதிக் கோடுகளை நீர்த்த புட்டியாலோ, தடித்த பிரைமரை இரண்டு மூன்று முறை பூசித் தேய்த்தோ மூடிவிட வேண்டும். நன்றாக வார்த்த கோடுகளைத் தானே மூடுவது எவருக்கும் மனத்தை உறுத்தும். ஆயினும் மஸ்டாங் மாதிரிக்கு இதைவிடப் பயனுள்ள திருத்தம் வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து. இதைச் செய்த பிறகு, பழக்கதோஷத்தில் இறக்கை முழுவதும் கறுப்பு வாஷ் (நன்றாக நீர்த்த வண்ணம்) ஊற்றிக் கோடுகளை எடுத்துக்காட்டுவதையும் தவிர்க்க வேண்டும். உடலும் இறக்கையும் ஒரே வெள்ளி நிறத்தில் இருப்பதும் தவறுதான்: உடல் வெற்று உலோகம், இறக்கை வெள்ளிப் பெயிண்ட். அதனால் இறக்கையின் பளபளப்பு ஒரு படி மங்கலாகத் தெரிய வேண்டும்.

உலோக வண்ணம் பூசுவதற்கு முன் பளபளப்பான கறுப்பு அடித்தளம் பூசுவது பலரும் அறிந்ததே. அந்தக் கறுப்பைப் பூசியதும் விளக்கடியில் சாய்த்துப் பார்க்காமல் உடனே வெள்ளியைப் பூசுவதுதான் தவறு. மீந்த கீறல்கள், இணைப்பின் பள்ளம், தூசி எல்லாம் அந்தக் கறுப்பில் அப்பட்டமாகத் தெரியும். அங்கேயே நிறுத்தித் திருத்துவது எளிது. விரைவில் ஆவியாகும் கரைப்பான் கலந்த லாக்கர் வகை வண்ணங்களை ஈரப்பதம் மிகுந்த நாளில் பூசினால் மேற்பரப்பில் வெண்படலம் படியும். சென்னை போன்ற கடற்கரை நகரத்தில் மழைக்காலத்தில் கட்டுபவர்கள் இதை முக்கியமாகக் கருத வேண்டும். லாக்கர் அடிக்கும் அறையில் காற்றோட்டமும், முகத்தில் இரசாயன ஆவியைத் தடுக்கும் முகமூடியும் கட்டாயம். சாதாரணத் துணி முகக்கவசம் போதாது.

கண்ணாடி மூடியைப் பற்றி ஒரு சொல். மஸ்டாங்கின் குமிழி வடிவ மூடியின் நடுவே பல கிட்களில் அச்சுக்கோடு ஒன்று ஓடும். அதைக் கத்தியின் விளிம்பால் மெல்லச் சுரண்டி, படிப்படியாக நுண்மையான உப்புத்தாள்களால் தேய்த்து, மெருகுக் குழம்பால் தெளியவைத்துவிடலாம். பாதித் தேய்ப்பில் மூடி பனிமூட்டமாகத் தெரிவதைக் கண்டு பயந்து நிறுத்திவிடக் கூடாது. சூப்பர் க்ளூவை மட்டும் கண்ணாடிப் பாகத்தருகே கொண்டுவராதீர்கள். அதன் ஆவி உட்புறத்தில் வெண்மையாகப் படிந்துவிடும்.

நீரில் நனைத்து ஒட்டும் படங்களான டெக்கல்கள் விஷயத்தில் மங்கலான பரப்பில் ஒட்டுவதே தலையாய பிழை. அடியில் சிக்கும் காற்று வெள்ளியாகப் பளிச்சிடும். 1944 ஜூன் 6 நார்மண்டி தரையிறக்கத்துக்காகப் பூசப்பட்ட கறுப்பு-வெள்ளைப் பட்டைகளை டெக்கலாக ஒட்டுவதைவிட நாடா கட்டிப் பூசுவதே சிறந்தது. ஒற்றை எஞ்சின் விமானங்களில் ஒவ்வொரு பட்டையும் 18 அங்குல அகலம். 1/48 அளவில் அது ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர், 1/72 அளவில் 6.4 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு. அந்தக் கோடையிலேயே மேற்பரப்புப் பட்டைகளை அழிக்கத் தொடங்கிவிட்டதால், படத்தின் தேதியைப் பார்க்காமல் எல்லாப் பக்கமும் பட்டை போடக் கூடாது.

எந்தக் குறையை விட்டுவிடுவது என்பதும் ஒரு தீர்மானமே. மஸ்டாங்கின் நீளம் 9.83 மீட்டர், 1/72 அளவில் 136.5 மில்லிமீட்டர் வர வேண்டும். கிட் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் அதற்காக உடலை அறுத்து நீட்டுவது வீண் வேலை, எந்தக் கண்ணும் அதைக் கண்டுபிடிக்காது. மூக்கின் வளைவு, மூடியின் உயரம், சக்கரங்களில் விமானம் நிற்கும் சாய்வு ஆகியவற்றில் உள்ள பிழையைத்தான் கண் உடனே பிடிக்கும். சக்கரக் குழி இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. உண்மையான விமானத்தில் அதன் பின்சுவர் இறக்கையின் முதன்மைக் குறுக்குச் சட்டம். அது நேராக ஓடும். பல கிட்களில் அந்தச் சுவர் கதவுத் திறப்பின் வளைவையே தொடர்ந்து செல்கிறது. இறக்கையை மூடுவதற்கு முன் என்றால் பிளாஸ்டிக் தகட்டால் நேரான சுவர் அமைத்துவிடலாம். மூடிய பிறகு தெரியவந்தால் இறக்கையைப் பிளக்க வேண்டாம். நிறுத்தி வைத்த மஸ்டாங்கில் ஹைட்ராலிக் அழுத்தம் குறையக் குறைய சக்கரக் குழியின் உட்புறக் கதவுகள் கீழே தொங்கும், ஃபிளாப்புகளும் இறங்கும். எஞ்சின் ஓடும்போது அக்கதவுகள் மூடியிருக்கும். ஆகவே ஓடுபாதைக்குப் புறப்படத் தயாராகும் விமானமாக அதைக் காட்டலாம்: உட்புறக் கதவுகளை மூடி, ஃபிளாப்புகளை மேலே ஒட்டி, காக்பிட்டில் விமானியின் உருவத்தை அமர்த்திவிட்டால், குழியின் பெரும்பகுதி மறைந்துவிடும், காட்சியும் உண்மைக்கு மாறாக இருக்காது.