முக்கால் சுற்றில் நீண்ட பொறி

110 மி.மீ. பிவிசி குழாயில் 0.4 மி.மீ. எனாமல் கம்பியை ஏறத்தாழ ஆயிரம் சுற்றுகள் சுற்றி, உயர் மின்னழுத்தத்தால் காற்றில் பொறி எழுப்பும் என் டெஸ்லா சுருளின் துணைச் சுருளை (பொறி எழும் பகுதி) அமைத்திருந்தேன். பொறியாளர் வீலரின் 1928ஆம் ஆண்டுச் சூத்திரம் அதன் தூண்டலை (மின்னோட்ட மாற்றத்தைச் சுருள் எதிர்க்கும் அளவு) 24 மில்லிஹென்றி என்றது. உச்சியிலுள்ள வளையத்தின் மின்தேக்கத்தையும் சேர்த்தபோது ஒத்ததிர்வு, அதாவது சுருள் இயல்பாக அதிரும் அதிர்வெண், 230 கிலோஹெர்ட்ஸ் என்று கணினி காட்டியது. இரண்டு சுருள்களும் ஒரே அதிர்வெண்ணில் இயங்க வேண்டும் என்பதால், அதற்கேற்ப, மின்சாரம் ஊட்டும் முதன்மைச் சுருளின் 9ஆவது சுற்றில் இணைப்புக் கவ்வியை மாட்டினேன். பொறி ஒரு சாண் நீளத்தைத் தாண்டவில்லை.

கணக்கில் பிழை இருக்கும் என்று இரண்டு இரவுகள் எண்களையே சரிபார்த்துக்கொண்டிருந்தேன், வீண் வேலை. பிறகு சிக்னல் ஜெனரேட்டரையும் ஆசிலாஸ்கோப்பையும் கொண்டு, மின்மாற்றியை இணைக்காமல் அளந்ததில் 226 கிலோஹெர்ட்ஸ் கிடைத்தது. அருகிலிருந்த சுவரும் கூரையும் சிறிது மின்தேக்கத்தைக் கூட்டியிருக்க வேண்டும் என்று கருதினேன். கணக்கு ஏறக்குறைய சரிதான். ஆனால் அது பொறியே இல்லாத சுருளுக்கான கணக்கு. காற்றில் நீளும் பொறியும் வளையத்தோடு சேர்ந்த மின்தேக்கமாகிவிடுவதால், சுருள் உண்மையில் இயங்கும்போது அதிர்வெண் மேலும் இறங்குகிறது.

ஆகவே மின்சாரத்தைத் துண்டித்து, மின்தேக்கியை மின்னிறக்கிய பின்னரே (இதில் அவசரம் உயிருக்கே ஆபத்து) முதன்மைச் சுருளின் அதிர்வெண்ணும் இறங்கும்படி கவ்வியைக் கால் கால் சுற்றாக வெளிப்புறம் நகர்த்தி ஒவ்வொரு முறையும் சோதித்தேன். முக்கால் சுற்று நகர்ந்ததும், ஊதா நிறப் பொறி கிளைவிட்டு, படபடவென்ற ஓசையுடன் முழங்கை நீளத்திற்கு எழுந்தது. ஒரு முழுச் சுற்று நகர்த்தியபோது மீண்டும் சுருங்கியது.