உருக்கெண்ணெய் காய்ச்சுவது எப்படி?

தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுப்பதுதான் உருக்கெண்ணெய். செக்கில் ஆட்டக் கொப்பரை வேண்டும், காயவைக்க நல்ல வெயில் வேண்டும். உருக்கெண்ணெய்க்கோ சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையே போதும்.

தேவை: முற்றிய தேங்காய்த் துருவல் 1 கிலோ, வெந்நீர் 1 லிட்டர், மெல்லிய பருத்தித் துணி, அடிகனமான வாணலி, கண்ணாடிப் பாட்டில்.

துருவலைத் தேக்கா மாதிரி ஈரச்சந்தையில் காலையில் வாங்கி அன்றைக்கே பிழிந்துவிடுங்கள். நம்மூர்ச் சூட்டில் சீக்கிரம் புளித்துவிடும். பாக்கெட் தேங்காய்ப்பால் வேண்டாம். பால் திரியாமல் இருக்கப் பலவற்றில் ஏதாவது சேர்த்திருப்பார்கள். நமக்கோ திரிந்தால்தான் எண்ணெய்.

கை பொறுக்கும் சூட்டில் 600 மில்லி நீர் ஊற்றி, ஐந்து நிமிடம் பிசைந்து பிழியுங்கள். மீதி 400 மில்லியில் இரண்டாம் பால். அதோடு போதும்.

பாலை உயரமான பாத்திரத்தில் ஊற்றி இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் கொழுப்பு மேலே கட்டிபோல் நிற்கும். ஓரத்தைக் கத்தியால் கீறி அதை மட்டும் எடுங்கள். அடியில் தேங்கிய நீரை நீக்கிவிட்டால் அடுப்படியில் நிற்கும் நேரம் வெகுவாகக் குறையும்.

இனி காய்ச்சுவது. மிதமான தீயில் கட்டி உருகிக் கொதித்து, வெள்ளைக் கசடும் எண்ணெயும் பிரியும். உடனே தீயைக் குறைத்து, அடிபிடிக்காமல் சுரண்டிக் கிளறிக்கொண்டே இருங்கள். சலசலப்புக் கேட்கும்வரை தண்ணீர் இருக்கிறது என்று பொருள். சத்தம் அடங்கி, குமிழி சிறுத்து, கசடு பொன்னிறமானதும் அணைத்துவிடுங்கள். வாணலிச் சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் சிவக்கும். கருகவிட்டால் ஏறும் தீய்ந்த வாடை எத்தனை முறை வடித்தாலும் போகாது.

ஆறியதும் துணியில் வடியுங்கள். ஏறத்தாழ 150 முதல் 200 மில்லி கிடைக்கும். கசடில் சர்க்கரை தூவிச் சாப்பிடுங்கள், அவ்வளவு ருசி!

சிக்கு வாடை சீக்கிரம் வந்தால் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம்: சலசலப்பு அடங்குமுன் இறக்கியிருப்பீர்கள், அல்லது பாட்டிலில் ஈரம் இருந்திருக்கும். மறுநாள் அடியில் நீர்த்துளி தெரிந்தால் சிறுதீயில் மீண்டும் காய்ச்சுங்கள். குளிரூட்டிய அறையில் எண்ணெய் வெள்ளையாக உறைந்தால் பயம் வேண்டாம். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே தேங்காயெண்ணெய் உறையத்தான் செய்யும்.

தலைக்கும் தோலுக்கும் தேய்க்கலாம். அவியலை இறக்கியதும் பச்சையாக ஒரு கரண்டி ஊற்றுங்கள், மணமே தனி. வடை பொரிக்க மட்டும் இதை எடுக்காதீர்கள். ஏறத்தாழ 175 டிகிரியிலேயே புகைய ஆரம்பிக்கும். பொரிக்கும் சூடும் அதுதான். அதற்குக் கடலை எண்ணெய், ஊறுகாய்க்கு நல்லெண்ணெய்.