துணைவர் திவாலானால் வீடு என்னாகும்? இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ துணைவரோடு சேர்ந்து வீடு வாங்கப் போகிறீர்களா? எத்தனை வருடம் ஒன்றாக வாழ்ந்தாலும், சட்டப்படி திருமணம் நடக்காவிட்டால் இங்கே நீங்கள் கணவன் மனைவி இல்லை. நம்மவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. இங்குள்ள கோவிலில் ஐயர் வந்து, தாலி கட்டி, ஊரே சாப்பிட்டுப் போயிருக்கும். பதிவு நடக்கவில்லை என்றால் அது செல்லாது. சில கோவில்களில் பதிவும் சேர்த்தே நடக்கும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் அந்நாட்டுச் சட்டப்படி கட்டிய தாலி பொதுவாக இங்கும் செல்லும்.

சரி, இப்படிச் சட்டப்படி திருமணம் ஆகாமல் சேர்ந்து வாழும் துணைவர் திவாலாகிவிட்டார். வீட்டில் அவருக்குள்ள பங்கு டிரஸ்டி கைக்குப் போகும்; திவாலானவரின் சொத்தை எடுத்துக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பவர்தான் டிரஸ்டி. உங்கள் பங்கு போகாது. ஆனால் அது எவ்வளவு என்று காட்ட எழுத்து வேண்டும்.

வீட்டின் விலை 3 லட்சம் பவுண்டு, மோர்கேஜ் (வீட்டுக் கடன்) பாக்கி 2,20,000 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 80,000. ஆளுக்குப் பாதி என்றால் டிரஸ்டிக்கு 40,000. டெபாசிட்டில் பெரும்பகுதி உங்கள் அம்மாவின் நகை விற்ற காசு, அதனால் உங்களுக்கு 70 சதவீதம் என்று வாங்கும்போதே சொலிசிட்டரிடம் சொல்லி டிக்ளரேஷன் ஆஃப் டிரஸ்ட் என்ற பங்குப் பத்திரம் எழுதியிருந்தால், டிரஸ்டிக்கு 24,000 மட்டும்தான். இதை எழுதுவது துணைவர் மீது நம்பிக்கை இல்லாததால் அல்ல, கூச்சப்படாமல் கேளுங்கள். வீடு அவர் பெயரில் மட்டும் இருந்தால் உங்கள் பங்கை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டிவரும். அதனால் நகைக் காசோ சீட்டுக் காசோ, கையில் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

கடன் முற்றிய பிறகு "வீட்டை என் பெயருக்கு எழுதிவிடு" என்று மட்டும் செய்யவே வேண்டாம். திவாலுக்கு முந்தைய 5 ஆண்டுகளில் சும்மாவோ குறைந்த விலைக்கோ மாற்றிக் கொடுத்ததை, டிரஸ்டி நீதிமன்றம் போய் ரத்து செய்யவைக்கலாம். சேர்ந்து வாழ்பவருக்குக் கொடுத்தது என்றால் சந்தேகம் இன்னும் கூடும்.

திவாலான பிறகு முதல் ஒரு வருடம்தான் உங்கள் கையில் இருக்கும் நேரம். அது கழிந்தால், அசாதாரணமான சூழ்நிலை இல்லாதவரை, வீட்டை விற்பதில் கடன்காரர்களின் நலனையே நீதிமன்றம் பெரிதாக எடுத்துக்கொள்ளும். ஆகவே உடனே வீட்டை மதிப்பிடச் சொல்லுங்கள், அண்ணன் தம்பியிடம் பணம் கேட்டாவது துணைவரின் பங்கை டிரஸ்டியிடமிருந்து நீங்களே வாங்கப் பாருங்கள். 3 ஆண்டுகள் டிரஸ்டி எந்த நடவடிக்கையும் எடுக்காவிட்டால் பங்கு துணைவருக்கே திரும்பிவிடும். அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

மோர்கேஜ் இருவர் பெயரிலும் இருந்தால் முழுத் தவணையையும் வங்கி உங்களிடமே கேட்கும். கட்டத் தவறினால் டிரஸ்டிக்கு முன் வங்கியே வீட்டை எடுத்துவிடலாம். தனியாகக் கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் ரசீதை வைத்திருங்கள், பங்கு பிரிக்கும்போது கணக்கில் கேட்கலாம். துணைவரின் வழக்கறிஞரே உங்களுக்கும் போதும் என்று இருந்துவிடாதீர்கள், தனியாக ஒருவரை வையுங்கள்.

இன்னும் திவால் வரை போகவில்லையா? ஸ்டெப்சேஞ்ச் என்ற தொண்டு நிறுவனத்துக்கு இருவரும் சேர்ந்து போன் செய்யுங்கள், ஆலோசனை இலவசம். கடன்காரர்களின் நெருக்கடியை 60 நாள் நிறுத்திவைக்கும் 'பிரீதிங் ஸ்பேஸ்' திட்டம் பற்றியும் அவர்களிடமே கேளுங்கள்.