அலைச்சறுக்குப் பலகைக்குக் கண்ணாடி இழைத் துணி வாங்கப் போகிறீர்களா?

சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுவது என் தொழில். ஊர்ப் பிள்ளைகள் அலைச்சறுக்கில் இறங்கியதும் உடைந்த பலகைகளும் என் கொட்டகைக்கு வர ஆரம்பித்தன. அந்தத் தைரியத்தில் ஒரு முழுப் பலகையையே கட்டினேன். தெர்மோகோல் கட்டை, ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் எப்பாக்ஸி ரெசின், மேலே படகுக்குப் போடும் அதே 450 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 450 கிராம்) மேட், அதாவது நெய்யாமல் துண்டு இழைகளைப் பசையால் ஒட்டிய விரிப்பு. மேட்டின் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் அந்தப் பசை பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும், எப்பாக்ஸியில் கரையாது. மேட் விளிம்பில் மடியாமல் பாய் போல விறைத்து நின்றது. போதாததற்கு, தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ரெசினைக் குடித்தது. தூக்கிப் பார்த்த பையன், "அண்ணே, இதற்கு எஞ்சின் எங்கே?" என்றான்.

ஆகவே பலகைக்கு மேட் வேண்டாம், நெய்த துணிதான். அது ஏறக்குறைய தன் எடை அளவு ரெசினோடு நின்றுவிடும்.

பலகை கட்டுபவர்கள் 4 அவுன்ஸ், 6 அவுன்ஸ் என்பார்கள். ஒரு சதுர கெஜத் துணியின் எடை அது. ஓர் அவுன்ஸ் சுமார் 34 ஜிஎஸ்எம். அப்படியானால் 4 அவுன்ஸ் 135-ஐ ஒட்டியும், 6 அவுன்ஸ் 200-ஐ ஒட்டியும் வரும். மேட்டுக்கு மட்டும் அவுன்ஸ் கணக்கு சதுர அடிக்கு. 1.5 அவுன்ஸ் மேட் என்பது அதே 450 ஜிஎஸ்எம்தான். எண் சிறியது என்று ஏமாந்துவிடாதீர்கள்.

கடைக்காரர் சொல்லும் எண்ணை நான் நம்புவதில்லை. முதலில் அரை மீட்டர் மட்டும் வாங்குவேன். அதில் 50 சென்டிமீட்டர் சதுரம் வெட்டிச் சமையலறைத் தராசில் வைத்து, வருகிற எடையை நான்கால் பெருக்குவேன். 200 ஜிஎஸ்எம் என்றால் 50 கிராம் காட்ட வேண்டும். ஒருமுறை 71 காட்டியது.

அடுத்தது நனையும் சோதனை. தறியிலிருந்து வரும் இழையில் கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் இருக்கும். அதை நீக்கி, ரெசின் பிடிப்பதற்கான சிலேன் பூச்சு கொடுத்திருக்க வேண்டும். கறுப்பு ஓட்டின் மேல் துண்டை விரித்து, நீங்கள் பயன்படுத்தப்போகும் ரெசினையே கலந்து ஒரு கரண்டி ஊற்றுங்கள். நனைந்த வேட்டியில் கால் தெரிவது போலச் சில நிமிடங்களில் ஓடு கறுப்பாகத் தெரிய வேண்டும். நூல் வெள்ளையாகவே நின்றால் அந்தச் சுருளைத் தொடாதீர்கள். தெர்மோகோல் கட்டை என்றால் எப்பாக்ஸி மட்டுமே. பாலியெஸ்டர் ரெசின் அதைக் கரைத்துக் குழியாக்கிவிடும்.

ஆறடிப் பலகைக்கு மேற்பக்கம் 4 அவுன்ஸில் இரண்டு அடுக்கு, அடியில் ஒன்று என்பது வழக்கம். ஒன்பதடிப் பலகைக்கு இதே அடுக்குகளை 6 அவுன்ஸில் போடுவார்கள். குதிகாலும் முழங்காலும் அழுத்துவது மேற்பக்கத்தைத்தான். பழகுகிற பிள்ளைகள் பலகையில் விழுகிற விழுகையைப் பார்த்து, குட்டைப் பலகைக்கும் மேலே 6 அவுன்ஸ் ஒன்றும் 4 அவுன்ஸ் ஒன்றும் சேர்த்துப் போடுகிறேன். கொஞ்சம் கனம்தான், ஆனால் குழி விழுவது குறைகிறது. எஸ்-கிளாஸ் என்ற கண்ணாடி இழை வகை வலிமையானது, விலையும் கூடுதல். முதல் பலகையில் அந்தக் காசை வீணாக்காதீர்கள்.

துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாவும் ஊடையும் நேராக ஓடுகின்றனவா என்று பாருங்கள். கோணிய துணி விளிம்பில் சுருக்கம் விடும். அகலம் பலகையைவிட எட்டு, ஒன்பது அங்குலமாவது கூட இருக்கட்டும். இரண்டு விளிம்பிலும் சுற்றி மறுபக்கத்தில் இரண்டங்குலம் ஏற வேண்டும். ஒரு மீட்டர் அகலச் சுருள் கிடைத்தால், மிஞ்சும் பட்டை ஃபின் (பலகைக்கு அடியில் நிற்கும் துடுப்பு) அடியில் ஒட்டுப் போட உதவும்.

மடித்துத் தந்தால் வாங்காதீர்கள். மடிப்புக் கோடு ரெசினுக்கு அடியிலும் வெள்ளையாகத் தெரியும். நான் வீட்டிலிருந்தே ஒரு பிவிசி குழாயைக் கொண்டுபோய் அதில் சுற்றி வாங்குகிறேன். பஸ்ஸில் அதற்கும் டிக்கெட் கேட்டிருக்கிறார்கள்.